நாளைக்கு எழுதுகிறேன் என்றவன் சோம்பேறி அல்ல

போன மாசம் சிதம்பரத்தில் ஒரு கூட்டம். நாவல் எழுதுவது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கூட்டம். மாடியில் நாற்காலி போட்டு, நடுவில் டீயும் பிஸ்கட்டும். பேசியவர் நிறைய எழுதியவர், விருது வாங்கியவர். பேர் வேண்டாம். ஆள் முக்கியமில்லை, பேச்சுதான் முக்கியம். இதே பேச்சை இன்னும் நூறு பேர் நூறு ஊரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொன்னது இதுதான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தனி அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை எழுதாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூடாது. பாதியில் விட்டவன் சோம்பேறி. நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறவனுக்கு இலக்கியத்தில் இடமில்லை.

பின் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். புவனகிரிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து படிக்கிற பெண். "அய்யா, நான் மூணு வருஷமா ஒரு நாவல் எழுதறேன். எழுவது பக்கத்துல நிக்குது. உக்காந்தா எழுத வரல. என்ன பண்றது?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "அதைத்தாம்மா இவ்வளவு நேரம் சொன்னேன்" என்றார். கூட்டமும் சிரித்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அய்ம்பது வயசு தாண்டியவன், ஒரு நாவலின் முதல் கைப்பிரதியை முடிக்கப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டவன், எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராத்திரி கடலூர் பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தப் பிள்ளை இதைப் படிக்கட்டும்.

முதலில் ஒரு கேள்வி. சிதம்பரத்தில் நின்றுகொண்டு, நாளைக்கு என்று சொல்கிறவனைச் சோம்பேறி என்று சொல்ல எப்படி மனசு வந்தது? 'நாளைக்கு' என்ற சொல்லாலேயே பேர் வாங்கிய ஒருவன் இந்த ஊருக்குத்தானே வந்தான்? நந்தன். பெரியபுராணத்தில் அவன் பேர் திருநாளைப்போவார். ஆதனூர்ச் சேரிக்காரன். தில்லைக்குப் போக வேண்டும் என்று தவிக்கிறான். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கடத்துகிறான். ஏன்? கால் வலியா? சோம்பலா? சேக்கிழாரே காரணத்தைச் சொல்லிவிடுகிறார். பிறந்த குலம் உள்ளே விடாது என்ற நினைப்பு அவனைப் பிடித்து நிறுத்துகிறது. ஆசை தள்ளுகிறது, பிறப்பு தடுக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் வாயில் வருகிற சொல்தான் நாளைக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் கதையைக் கீர்த்தனையாகப் பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு ஆண்டையைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வேதியர் போடுகிற நிபந்தனை: நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ. ஒரே ராத்திரியில் சாமி முடித்துக்கொடுத்ததாகக் கதை. ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை என்று கேட்டதும் எனக்கு அந்த நாற்பது வேலிதான் ஞாபகத்துக்கு வந்தது. நமக்கு எந்தச் சாமியும் வந்து முடித்துக்கொடுக்கப் போவதில்லை, தோழர்களே.

அறை விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் ஒரு புத்தகம் போட்டார். பெண் கதை எழுத வேண்டுமென்றால் சொந்தமாக ஓர் அறையும் பணமும் வேண்டும் என்று வாதாடினார். வருஷத்துக்கு அய்ந்நூறு பவுண்டு என்று தொகையையும் சொன்னார். அந்த அம்மா நேர்மையானவர், பணத்தை மறைக்கவில்லை. நம் ஆட்கள் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீடு தொகுப்பு வீடு. ஒரு அறை, ஒரு தாழ்வாரம், ஆறு பேர். எனக்குக் கடலூரில் ஒப்பந்த வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். 2009இல் எழுத ஆரம்பித்தேன். பஸ்ஸில் எழுதினேன். டீக்கடை பெஞ்சில் எழுதினேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. தாழ்வாரத்துக் கூரை போனது. 2015 வெள்ளத்தில் ரெண்டு நோட்டு நனைந்து மை கரைந்து ஒரு எழுத்தும் தேறவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கேயே பழைய கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். அப்போதுகூட என் நாவல் நிற்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். அறை இல்லாவிட்டால் நாவல் மெதுவாகப் போகும். காசு இல்லாவிட்டால் இன்னும் மெதுவாகப் போகும். நிற்பது வேறு காரணத்தால். எழுத உட்காரும்போது நம் தோளில் ஏறி உட்காருகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

முதல் ஆள் தமிழ் வாத்தியார். ஆறாம் வகுப்பில் கட்டுரை நோட்டில் 'வூட்டுக்குப் போனோம்' என்று எழுதியிருந்தேன். அதைச் சிவப்பு மையில் சுழித்து, எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுக்கக் கேட்கப் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கையில் தங்கிவிட்டது. நாவலின் முதல் முப்பது பக்கத்தில் என் ஆயா ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாள். 'நான் வயலுக்குச் செல்கிறேன்' என்றாள். என் தெருவில் எவளும் வயலுக்குச் சென்றதில்லை, போயிருக்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் யாரோ மார்க் போடுகிற பயம். முப்பது பக்கத்தையும் தள்ளி வைத்துவிட்டு, ஆயாவை அவள் வாயாலேயே பேச விட்டேன். அதற்கப்புறம்தான் நாவல் நகர்ந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. பாமா மடத்தை விட்டு வெளியே வந்து, பிழைப்புக்கு வழி தெரியாமல் இருந்த காலத்தில்தான் 'கருக்கு' எழுதினார். 1992இல் வெளிவந்தது. தன் தெருப் பேச்சிலேயே எழுதினார். கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கொச்சை என்று சொல்லப்பட்ட அந்தப் பேச்சுதான் அந்தப் புத்தகத்தை நிறுத்திப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் டோனி மாரிசனும் விடியற்காலையில் எழுதியவர்தான். பதிப்பகத்தில் வேலை, ரெண்டு பிள்ளைகள், தனி ஆள். 1970இல் முதல் நாவல் வரும்போது முப்பத்தொன்பது வயசு. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியது எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை இல்லை. வெள்ளைக்காரரின் பார்வையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுதுவதைப் பற்றித்தான் பேசினார். மணிக்கணக்கு மட்டும் நம் கூட்டங்களுக்கு வந்து சேர்கிறது. இது வருவதில்லை.

நந்தனைத் தீயில் இறக்கினார்கள். பூணூலோடு வெளியே வந்தான் என்று எழுதி வைத்தார்கள். 'நல்ல தமிழில் மாற்றி எழுது' என்பதும் அதே தீதான். முதல் கைப்பிரதி தீயில் இறங்காத நந்தன். அவனை அப்படியே உள்ளே வர விடுங்கள்.

ரெண்டாவது ஆள் நம் தோழர். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். "ஊர் எரியுது, வழக்கு கெடக்குது, நீ கதை எழுதறியா?" எத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பயந்து நோட்டை மூடியிருக்கிறேன்! வழக்கும் வேண்டும் தோழா, யார் வேண்டாமென்றது? விருத்தாசலம் பக்கம் கண்ணகியையும் முருகேசனையும் 2003 ஜூலையில் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசன் தலித், இஞ்சினியரிங் படித்தவன். கண்ணகி வன்னியப் பெண். பெற்ற அப்பனும் அண்ணனும் குற்றவாளிகள். கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021 செப்டம்பர் 24இல். பதினெட்டு வருஷம். நடுவில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் குற்றத்தை உறுதி செய்தது. அவ்வளவு காலம் விடாமல் நின்று போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால் கோர்ட்டுக்குத் தெரிந்தது ரெண்டே ரெண்டு வார்த்தை. சாட்சி, பிறழ்சாட்சி. பிறழ்ந்தவன் வீட்டில் அன்றைக்கு உலை கொதித்ததா, யார் வந்து வாசலில் நின்றார்கள், எந்தக் கடனைச் சொல்லிக்காட்டினார்கள், அவன் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று கோர்ட் கேட்காது. அது அதன் வேலையும் இல்லை. அதைக் கேட்க வேண்டியது நாவல்.

மூன்றாவது ஆள்தான் மோசமான ஆள். நம் சொந்தத் தெரு. "நம்ம கதைய நாமளே அசிங்கப்படுத்தலாமா?" என்கிற குரல். சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார். தலித் தலைவன் ஒருவன் தன் வீட்டுப் பெண்களை என்ன பாடு படுத்துகிறான் என்று காட்டினார். நம் கடலூர் மாவட்டத்து இமையம் 1994இல் 'கோவேறு கழுதைகள்' கொண்டுவந்தார். தலித்துகளுக்கும் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பத்தை நம் தெரு எப்படி நடத்தியது என்பது அந்த நாவல். ரெண்டு பேருக்கும் வெளியிலிருந்து வந்த விமர்சனத்தைவிட உள்ளிருந்து வந்த கோபம் குறைவில்லை. எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிறாய் என்றார்கள். அன்றைக்கு அந்த ரெண்டு பேரும் தெருவுக்குப் பயந்து நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் தமிழில் இன்றைக்கு எது இருந்திருக்கும்?

இப்படிப் பேசுகிற நான் என்ன செய்தேன்? சொல்கிறேன்.

என் நாவல் ஒரு தீயைப் பற்றியது. 1987இல் எங்கள் காலனி ஆட்கள் கூலி உயர்த்திக் கேட்டு நடவுக்குப் போகாமல் நின்றார்கள். நாலாம் நாள் ராத்திரி பதினோரு குடிசை எரிந்தது. ஒரு கிழவி உள்ளேயே செத்தாள். பந்தம் பிடித்து வந்தவர்களை என் அப்பா பார்த்தார். போலீசில் பேர் பேராகச் சொன்னார். மூன்று வருஷம் கழித்துக் கூண்டில் ஏறி, "இருட்டா இருந்துதுங்க, ஆள் அடையாளம் தெரியலீங்க" என்றார். எல்லோரும் விடுதலை.

வேலை நிறுத்தத்தை எழுதினேன். தீயை எழுதினேன். கிழவியை எழுதினேன். வெள்ளத்தில் போனதையும் திரும்ப எழுதினேன். 2016இல் அந்தக் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றேன். அதோடு கை நின்றுவிட்டது. நாளைக்கு எழுதலாம் என்றேன். அப்பாவைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்றேன். 2018இல் அப்பா செத்துப்போனார். கேட்கவில்லை. திதி முடியட்டும் என்றேன். நாளைக்கு, நாளைக்கு.

கண்ணகி முருகேசன் தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் கடலூரில் வேலையில் இருந்தேன். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். பேப்பரில், டிவியில், எல்லோர் வாயிலும் பிறழ்சாட்சி என்ற வார்த்தை. அன்றைக்கு ராத்திரிதான் அந்த அத்தியாயத்தின் முதல் வரியை எழுதினேன். முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆனது. அப்பாவைப் பயந்தவராக எழுதினேன். மிரட்டப்பட்டவராக எழுதினேன். முடித்துவிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அம்மா முழுசாகக் கேட்டாள். "நல்லாதான் எழுதிருக்க. ஒண்ண வுட்டுட்ட" என்றாள்.

என்னம்மா என்றேன்.

"அந்த வருசந்தான உன்ன காலேஜில சேத்துது? ஆஸ்டலு பணம், பொட்டி, ரெண்டு சட்டை. அதெல்லாம் ஏதுன்னு நெனச்ச?"

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள்.

எந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் நாவல் எழுத வந்தேனோ, அந்தப் படிப்பு அந்தப் பொய்ச் சாட்சிக்குக் கிடைத்த கூலி. அரைகுறையாக எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அதனால்தான் அந்த இடத்துக்கு வந்ததும் வருஷக்கணக்கில் கை நின்றது. நாலு மணிக்கு எழுந்திருந்தால் தீருகிற விஷயமா இது? கதவைச் சாத்திக்கொண்டால் போய்விடுமா? இதைச் சோம்பல் என்று சொல்கிறவர் வீட்டில் எழுதக் கூடாத அத்தியாயமே கிடையாதா? அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். இந்த முறை ஏழு நாள்தான் ஆனது. நாவல் 2024இல் முடிந்தது.

ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்து, 1914இல் சாகிற வரை வாராவாரம் எழுதினார். பெரிய பெரிய நூல்களையே தொடர் தொடராக எழுதினார். அவரை எழுப்பியது அலாரமா? இந்த வாரம் பத்திரிகைக்காகக் காத்திருக்கிற நம் ஜனம். அந்தக் கடன்தான் ஒழுங்கு. எனக்கும் கடைசி ரெண்டு வருஷம் அதுதான் உதவியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலனி இரவுப் பள்ளியில் மூன்று பேர் கேட்பார்கள், எழுதினதைப் படிப்பேன். எழுதாமல் போனால் "என்னண்ணே, அந்தக் கெழவிக்கு அப்பறம் என்னாச்சி?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே எழுதினேன்.

அம்மா நடவு நட்டவள். நடவு நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்டது கண்ணுக்கு முன்னால் தெரியும், நட வேண்டியது முதுகுக்குப் பின்னால் கிடக்கும். எவ்வளவு மிச்சம் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறவளுக்கு இடுப்புதான் போகும். நடும்போது யாரும் களை பிடுங்குவதும் இல்லை. களைக்கு வேறு நாள் இருக்கிறது. முதல் கைப்பிரதியை எழுதிக்கொண்டே திருத்துகிறவர்களுக்கு, முதல் பக்கத்தையே முப்பது தடவை எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். வரப்புக்கு வந்து சேருங்கள் முதலில்.

அச்சுக்குப் போகுமா என்ற கவலையும் இப்போது வேண்டாம். பாபாசாகேப் 1956 டிசம்பர் 6இல் இறந்தபோது கட்டுக்கட்டாகக் கைப்பிரதிகளை விட்டுப்போனார். முடிந்ததும் முடியாததுமாக. இந்து மதத்தின் புதிர்களைப் பற்றி அவர் எழுதி வைத்தது 1987இல்தான் அச்சானது. தன் சொந்த வாழ்க்கையில் பட்ட தீண்டாமைக் கொடுமைகளைக் கையால் எழுதி வைத்திருந்த சிறு பிரதி 1990இல்தான் புத்தகமானது. எழுதி வைத்திருந்ததால் வந்தது. மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் சுடலையோடு போயிருக்கும். என் அப்பாவுக்குத் தெரிந்தது அப்படித்தான் போனது.

புவனகிரிப் பிள்ளையே, உனக்குச் சொல்கிறேன். எழுபதாவது பக்கத்தில் உன் நாவல் நிற்கிறது என்றாய். எழுபத்தோராவது பக்கத்தில் யார் வர வேண்டும்? அதை மட்டும் யோசி. உன் அப்பாவா, அண்ணனா, உனக்குச் சோறு போட்ட சித்தியா? யார் பேரை எழுதப் பயந்துகொண்டு நாளைக்கு என்கிறாய்? அந்த ஆள்தான் உன் நாவல்.

நந்தனைக் காத்திருக்கச் சொன்ன இதே சிதம்பரத்தில், சகஜானந்தர் 1916இல் நந்தன் பேராலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். தீக்குண்டம் இல்லை, சிலேட்டு. அப்படிக் கிடைத்த எழுத்து இது. மார்க் வாங்க மட்டும் இதைச் செலவழிக்காதே.

எழுபத்தோராவது பக்கத்தை எழுது. மோசமா எழுது. வூட்டுப் பேச்சுல எழுது. பிழையோட எழுது. கடைசிவரைக்கும் வந்துட்டு நோட்ட எடுத்துக்கிட்டு வா. களையெடுக்க நாங்க இருக்கோம்.